என் மகள் ஏன் நிதிப் பொருளியல் படித்தாள்?

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். எமது ஒழுங்கைப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடித்த சீட்டின் கடைசிப் பணம் எனது கைக்கு வந்தது. ஆளுக்கு மாதம் 10,000 ரூபா. மொத்தம் 120,000 ரூபா. கடைசி முறை எனக்கே இருக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கியிருந்தேன். அவசரம் உள்ளவர்கள் முன்னுக்கு எடுக்கட்டும், ஓய்வூதியம் பெறும் ஆசிரியையான எனக்கு என்ன அவசரம் என்பது எனது எண்ணம்.

வீட்டுக் கூரையின் பின்பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தவே அந்தப் பணம். கூரைத் தகட்டின் விலையைக் கேட்டுவர மருமகனைக் கடைக்கு அனுப்பினேன். அவர் வந்து சொன்ன விலையைக் கேட்டதும் காசைத் திரும்பவும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடமல்லவா அது?

என் மகள் ஒரு கடதாசியில் ஏதோ கணக்குப் போட்டாள்.

“உம்மா, இந்த ஒரு இலட்சத்து இருபதாயிரம், போன வருசத்து எழுபதாயிரம் ரூபாதான்” என்றாள்.

அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது ஏறத்தாழ 170 ரூபா வேண்டும். சீட்டில் முதல் முறை எடுத்தவள் பழைய விலையில் சாமான் வாங்கினாள். பிறகு பெறுமதி குறைந்த ரூபாவில் தவணையைக் கட்டினாள். கடைசியில் எடுத்த நான் இழந்தேன். இதில் வட்டி இல்லை, ஏமாற்று இல்லை, எவர் மீதும் பிழை இல்லை. ஆனாலும் ஒருவரின் பணம் மற்றவருக்குப் போய்விட்டது.

“இது எப்படி நடந்தது என்று ஒழுங்காகப் படிக்க வேணும் உம்மா” என்றாள் மகள். நிதிப் பொருளியல் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அவளுக்கு அதற்கு முன்பே இருந்திருக்கிறது. அன்றுதான் வாய் திறந்து சொன்னாள்.

நான் மறுத்த காரணங்கள்

சகோதரிகளே, உண்மையைச் சொல்கிறேன். நான் சம்மதிக்கவில்லை.

அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. மூத்த பிள்ளைக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. பொருளியலில் ஒரு பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. இன்னொரு பட்டம் எதற்கு என்பது எனது முதற் கேள்வி. பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது இரண்டாவது. அந்தக் கேள்விக்கு விடை நான்தான் என்பது எனக்குத் தெரியும்; முப்பது வருடம் பிறர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் சற்று ஓய்ந்திருந்தேன். மூன்றாவதை எனது நானா கேட்டார்: “வட்டியைப் பற்றிப் படிக்கவா அனுப்பப் போகிறாய்?”

மூன்றும் நியாயமான கேள்விகள். எமது வீடுகளில் ஒரு பெண் பிள்ளை மேற்படிப்பைப் பற்றிக் கதைக்கும்போது இக்கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. ஆனால் நாம் அவற்றைக் கேள்விகளாகக் கேட்பதில்லை, முடிவுகளாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். மருமகன்தான், “மாமி, அவ என்ன படிக்கப் போறா என்று முதல்ல கேட்டுப் பார்ப்போமே” என்றார்.

இது என்ன படிப்பு?

கணக்காளர் நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கிறார். ஒரு கம்பனியின் நிதி முகாமையாளர் தமது கம்பனியின் பணத்தை எங்கே போடுவது, எங்கே எடுப்பது என்று பார்க்கிறார். நிதிப் பொருளியல் படிப்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தப் பொருளுக்கு ஏன் இந்த விலை? நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? எல்லோரும் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்தால் என்ன நடக்கும்? இம்மூன்று கேள்விகளையும் கணிதத்தின் துணையோடு ஆராய்வதே இப்படிப்பு.

மகள் எனக்கு விளங்கப்படுத்திய சில பாடங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

1952இல் ஹெரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். பணத்தை ஒரே இடத்தில் போடக் கூடாது என்பது எமது பாட்டிமாருக்கும் தெரிந்த சங்கதி. அவர் அதற்கு மேலே போனார். எத்தனை இடத்தில் போடுகிறோம் என்பது மட்டும் போதாது. அவை எல்லாம் ஒன்றாக விழுமா, ஒன்று விழும்போது மற்றது நிற்குமா என்பதைப் பார்க்க வேண்டும் என்று கணக்கில் காட்டினார். ஒரு வீட்டில் மூன்று பேர் உழைக்கிறார்கள் என்று வையுங்கள். மூவரும் சுற்றுலாத் தொழிலில் இருந்தால் 2020இல் கொரோனா வந்தபோது மூன்று வருமானமும் ஒரே கிழமையில் நின்றிருக்கும். ஒருவர் பாடசாலையிலும் ஒருவர் மரக்கறி வியாபாரத்திலும் இருந்திருந்தால் அடுப்பு எரிந்திருக்கும். மார்க்கோவிட்ஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

1970இல் ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்பவர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே கேட்பார். நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார். முடிவில் சந்தையில் பழுதான கார்களே மிஞ்சும். பழைய நகையை விற்கப் போய் மனம் நொந்து திரும்பிய பெண்களுக்கு இது புதிய பாடமல்ல. கடன் கொடுப்பதிலும் காப்புறுதியிலும் இதே சிக்கல் இருக்கிறது. அக்கர்லொஃப் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1983இல் டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இருவர் வங்கிகளைப் பற்றி எழுதினர். வங்கி, கேட்டவுடன் திருப்பித் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் பெறுகிறது. அதையே பல வருடக் கடனாக வெளியே கொடுக்கிறது. எனவே நல்ல நிலையில் உள்ள வங்கியும் ஒரு வதந்தியால் விழக்கூடும். மற்றவர் எடுக்க முன் நான் எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஓடுவதே வங்கியை வீழ்த்திவிடும். வைப்புக் காப்புறுதியும் மத்திய வங்கியின் மேற்பார்வையும் ஏன் வேண்டும் என்பதற்கு இது ஒரு விளக்கம். இவர்கள் இருவரும் பென் பேர்னன்கியும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர். எமது நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை ஏப்ரலில் நிறுத்தியதும் அதே வருடம்தான்.

வகுப்பில் இவை கதையாக வருவதில்லை. நுண்பாகப் பொருளியல், பேரினப் பொருளியல், சொத்துக்களின் விலை நிர்ணயம், கம்பனி நிதி, நாணயக் கொள்கை என்று பாடங்களாக வருகின்றன. அவற்றோடு எக்கொனோமெட்ரிக்ஸ் எனப்படும் பொருளாதார அளவையியலும் உண்டு. சேகரித்த எண்களை வைத்து, ஒரு காரணம் உண்மையான காரணம்தானா என்று சோதிக்கும் பாடம் அது. பெரும்பாலானோர் தடுக்கி விழுவதும் அதில்தான்.

இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை நிதிப் பொருளியல் முதுமாணிப் பட்டத்தை வழங்குகிறது. வெளிநாடுகளிலும் இப்படிப்பு உண்டு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இது ஒன்பது மாதப் படிப்பு. வெளியே போகக்கூடியவர்களுக்குப் பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை இருக்கின்றன. செவனிங் பெறுவோருக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆயிரத்து ஐந்நூறு மணித்தியாலம்

இரண்டு மாதம் யோசித்த பின் நான் சம்மதித்தேன். முழு மனத்தோடு என்று சொல்ல மாட்டேன். உள்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் தவணைக் கட்டணத்துக்கு அலுமாரியில் பூட்டியிருந்த சீட்டுக் காசு போனது. மிச்சத்துக்கு மருமகனின் சம்பளமும் மகளின் ஒரு சோடிக் காப்பும். கடன் எடுக்கவில்லை.

நாம் எல்லோரும் கட்டணத்தைத்தான் கேட்கிறோம், நேரத்தைக் கேட்பதில்லை. எமது நாட்டின் தகைமைகள் சட்டகத்தின்படி பாடநெறியாக மட்டும் அமைந்த முதுமாணிப் பட்டத்துக்கு ஆகக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, வீட்டில் படிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சை எல்லாம் இதில் அடங்கும். முப்பதை ஐம்பதால் பெருக்கினால் 1,500 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதானால் கிழமைக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம். நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல். ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் பட்டமானால் இரண்டு வருடமும் அதற்கு மேலும் வேண்டும்.

இந்த நான்கு மணித்தியாலம் ஒரு தாய்க்கு எங்கிருந்து வரும்? வேறு யாராவது கொடுத்தால்தான் வரும். எங்கள் வீட்டில் அவள் சுபஹுக்கு முன் எழும்பி இரண்டு மணித்தியாலம் படித்தாள். பிள்ளைகள் உறங்கிய பின் மேலும் இரண்டு. காலைச் சமையல் எனது பொறுப்பு. பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோவது மருமகனின் பொறுப்பு. கண்டிப் பக்கத்திலிருந்து சனிக்கிழமை விடியற் காலை பஸ் ஏறினால் இரவுதான் திரும்பி வருவாள். இளையவன் முதல் இரண்டு மாதமும் சனிக்கிழமைதோறும் வாசற்படியில் இருந்து அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு நடந்த எனது முழங்கால் வலியையும் இந்தப் பட்டத்தின் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பரீட்சையும் படிவமும்

முதல் அரையாண்டின் பெறுபேறு வந்தது. பொருளாதார அளவையியலில் அவள் சித்தியடையவில்லை.

காரணம் மறைவானதல்ல. அவள் முதற் பட்டத்தைத் தமிழ் மொழியில் படித்தவள். கணிதத்தைக் கடைசியாகத் தொட்டது க.பொ.த. சாதாரண தரத்தில். இங்கேயோ புத்தகம் ஆங்கிலம். அதற்குள்ளே நுண்கணிதம், நிகழ்தகவு, தாயங்கள், கிரேக்க எழுத்துக்கள். விரிவுரையாளர் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போகும் ஒரு படியை விளங்கிக்கொள்ள அவளுக்கு இரண்டு இரவு வேண்டியிருந்தது.

“உம்மா, நான் விடப் போறேன்” என்றாள். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. போதும் மகள், முயற்சி செய்தாய்தானே என்று சொல்ல வாய் எடுத்தேன், அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் பின்னேரம் எமது ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். கணவனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகள். கையில் ஒரு படிவம்.

“டீச்சர், இத ஒருக்கா நிரப்பித் தாங்க.”

ஓவர்லொக் மெசின் ஒன்று வாங்க 50,000 ரூபாக் கடன். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. பன்னிரண்டு மாதம், மாதம் 5,167 ரூபா. வட்டி மாதத்துக்கு இரண்டு வீதம்தான், வருடத்துக்கு இருபத்துநான்கு என்று கடன் கொடுக்க வந்தவர் சொல்லியிருக்கிறார். வட்டிக் கடன் என்பது அவளுக்கும் மனதுக்கு ஒப்பவில்லை. வேறு வழி தெரியவில்லை என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பேனையை எடுத்துப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதத் தொடங்கினேன்.

மகள் குசினியிலிருந்து வந்து படிவத்தைப் பார்த்தாள். “உம்மா, கொஞ்சம் நில்லுங்க” என்றாள். மூத்த பிள்ளையின் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். பிறகு அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இருத்திச் சொன்னாள்:

“ராத்தா, மாதம் ஆயிரம் ரூபா வட்டி. முதல் மாதம் உங்கட கையில கடன் ஐம்பதாயிரம் இருக்கு, அதுக்கு ஆயிரம் என்றால் ரெண்டு வீதம்தான். ஆனா நீங்க ஒவ்வொரு மாதமும் முதலையும் கட்டிக் கட்டி வாறீங்க. கடைசி மாதம் உங்கட கையில மிச்சம் இருக்கிற கடன் 4,167 ரூபா. அதுக்கும் ஆயிரம் ரூபா வட்டி எடுக்கிறாங்க. கடன் குறையுது, வட்டி குறையல்ல.”

குறைந்து செல்லும் கடனுக்குச் சரியாகக் கணக்குப் பார்த்தால் அந்த வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை வீதம். வருடத்துக்கு 41 வீதத்தையும் தாண்டும். இருபத்துநான்கு என்று சொன்னது அதுதான். அத்தோடு, ஐவரில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். ஐவரும் தையற்காரிகள். பெருநாள் முடிந்து தையல் ஓய்ந்தால் ஐவருக்கும் ஒரே மாதத்தில் வருமானம் நிற்கும். மார்க்கோவிட்ஸ் சொன்னதும் இதைத்தான் என்று மகள் பிறகு எனக்குச் சொன்னாள்.

நான் பேனையைக் கீழே வைத்தேன். எமது ஒழுங்கையில் இதுவரை எத்தனை பெண்களுக்கு இப்படியான படிவங்களை நிரப்பிக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் அழகாக நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நானும் விளங்கிக்கொள்ளவில்லை, அவர்களும் விளங்கிக்கொள்ளவில்லை. படித்தவள் என்று நம்பி என்னிடம் வந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பெண் அன்று கையெழுத்திடவில்லை. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாவில் புதிய சீட்டொன்றைத் தொடங்கி முதல் முறையை அவளுக்குக் கொடுத்தோம். இது 2023இன் பிற்பகுதி. அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியிருந்ததால் இம்முறை கடைசியில் எடுப்பவருக்குப் பெரிய இழப்பு வராது என்றும் மகள் பார்த்துச் சொன்னாள். கடைசி முறையை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு அவளிடம் சொன்னேன்: “மகள், அந்தச் சோதனையை இன்னொரு முறை எழுதுங்க.”

இம்முறை அவள் நேரே பாடப் புத்தகத்துக்குப் போகவில்லை. உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் கிழமையில் இரண்டு நாள் போய், சிறு பிள்ளையைப் போல அடியிலிருந்து கற்றாள். ஆறு மாதம் சென்றது. சித்தியடைந்தாள்.

வட்டியைப் படிக்கலாமா?

இனி நானாவின் கேள்விக்கு வருவோம். வட்டி எமக்கு விலக்கப்பட்டது. அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் வட்டி எந்த வாசலால் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது, எப்படிச் சின்ன எண்ணாக வேடம் போடுகிறது என்பதை அறியாமல் அதிலிருந்து தப்புவது எப்படி? அந்தக் கொப்பியின் பின்பக்கத்தை நானாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலேசியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காக வருடக் கணக்கில் காசைத் தலையணைக்கு அடியிலும் பானைக்குள்ளும் சேர்த்தார்கள். வட்டிக்குப் பயந்து வங்கிக்குப் போகவில்லை. பலர் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போனார்கள். திரும்பி வந்து வறுமையில் விழுந்தார்கள். 1959இல் உங்கு அஸீஸ் என்ற பொருளியலாளர் இதற்கொரு திட்டம் எழுதினார். வட்டியில்லாமல் சேமித்து, அந்தப் பணத்தை ஆகுமான முதலீட்டில் போட்டு, வரும் இலாபத்தைச் சேமித்தவர்களுக்கே பகிர்வது அதன் சாரம். அதன் அடிப்படையில் 1963இல் உருவான நிறுவனமே இன்றைய தபுங் ஹாஜி.

அந்தப் பொருளியலாளரின் மகள் செத்தி அக்தார் அஸீஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1998இல் ஆசிய நெருக்கடியின்போது மலேசியா தனது நாணயத்தை டொலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்ட வேளையில் அந்நாட்டு மத்திய வங்கியின் பதில் ஆளுநராக இருந்தார். 2000 முதல் 2016 வரை ஆளுநராக இருந்தார். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவரே. இஸ்லாமிய நிதித்துறைக் கல்விக்கென அம்மத்திய வங்கி தனியான உயர்கல்வி நிறுவனமொன்றை அமைத்ததும் அவரது காலத்தில்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் தபுங் ஹாஜியின் கணக்கைப் பரிசோதித்தபோது சொத்தை விடப் பொறுப்புக்கள் கூடியிருந்தன. அரசாங்கம் தலையிட்டுச் சீரமைக்க நேர்ந்தது. நல்ல நோக்கம் இருந்தால் கணக்குத் தானாகச் சரிவரும் என்று நினைப்பது பிழை. கணக்கு இருந்தால் போதும் என்று நினைப்பதும் பிழை. ரொபர்ட் மேர்ட்டன், மைரன் ஷோல்ஸ் ஆகிய இருவரும் 1997இல் நிதிப் பொருளியலுக்காக நோபல் பரிசு பெற்றார்கள். அடுத்த வருடமே அவர்கள் பங்காளிகளாக இருந்த முதலீட்டு நிதியம் நொறுங்கியது. 14 நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டொலர் போட்டுத் தாங்க வேண்டியதாயிற்று.

எமது நாட்டில் 2005இன் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் முழுமையாக அம்முறையில் இயங்கும் வங்கியொன்றும் தொடங்கியது. முறாபஹா, இஜாரா, முழாறபா என்ற சொற்கள் இன்று எமது பெண்களுக்கும் பழக்கம். ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் பெயர் மட்டும் மாறியதா, ஏழையின் தலையிலுள்ள சுமையும் மாறியதா என்று பிரித்துப் பார்க்க மார்க்க அறிவோடு இந்தக் கணக்கறிவும் வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

படித்த பின் எங்கே வேலை செய்வது என்பது தனிக் கேள்வி. மத்திய வங்கி, திறைசேரி, ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகம், பங்குச் சந்தை, வங்கிகள் என்று வாசல்கள் பல. எந்த வாசலால் நுழைவது என்பதை ஒவ்வொருவரும் தமது மனச்சாட்சியோடும் அறிந்த ஆலிம்களோடும் பேசித் தீர்மானிக்க வேண்டும். என் மகள் ஆய்வு வேலையைத் தெரிந்துகொண்டாள்.

அனுப்ப முன் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ மருமகளோ இப்படிப்பைப் பற்றிக் கதைத்தால், தயவுசெய்து மறுப்பதற்கு முன்பும் சம்மதிப்பதற்கு முன்பும் சில விடயங்களை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

முதலாவது, கணிதம். உயர்தரத்திலோ முதற் பட்டத்திலோ கணிதமும் புள்ளிவிபரவியலும் படிக்காதவர் விண்ணப்பிக்க முன்பே ஆறு மாதமாவது அதற்கு ஒதுக்க வேண்டும். நாங்கள் இதைச் செய்யாமல் ஓர் அரையாண்டை இழந்தோம்.

இரண்டாவது, ஆங்கிலம். பேசும் ஆங்கிலம் போதாது. இருபது பக்கக் கட்டுரையை வாசித்து அதன் வாதத்தைச் சொந்தச் சொல்லில் எழுதும் ஆங்கிலம் வேண்டும்.

மூன்றாவது, பணம். பாடநெறிக் கட்டணத்தோடு பதிவு, பரீட்சை, திரும்ப எழுதும் பரீட்சை, பயணம், கணினி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருடத்தின் அறிவித்தலைப் பார்த்தே முடிவெடுங்கள்.

நான்காவது, நேரம். நாளுக்கு அந்த நான்கு மணித்தியாலத்தை யார் கொடுப்பது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சமையல் யார், பிள்ளை யார், நோயாளி யார் என்று தொடங்க முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் பேசினால் அது சண்டையாகிவிடும்.

ஐந்தாவது, நோக்கம். சம்பளமா, பதவி உயர்வா, அறிவா? எதுவாயினும் குற்றமில்லை. ஆனால் படிப்பவள் தானே அதற்கு விடை சொல்ல வேண்டும். பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து வேண்டுமென்பதற்காக இந்த 1,500 மணித்தியாலத்தைத் தாங்க முடியாது.

இவையெல்லாம் பேசிய பின்னும் இப்போது வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதையும் மதியுங்கள். பிள்ளைகள் வளர்ந்த பின் தொடங்குவது தோல்வியல்ல. ஆனால் அந்த முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவளுக்காக நாம் எடுத்து அவள் தலையில் வைப்பதாக இருக்க வேண்டாம்.

மகள் பட்டம் பெற்றுவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். தையற்காரப் பெண்ணின் ஓவர்லொக் மெசின் பின்னேரங்களில் ஓடும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. எங்கள் கூரையின் பின்பக்கம் இன்னும் ஒழுகுகிறது. மழை நாளில் இரண்டு இடத்தில் பேசின் வைக்கிறேன். இன்ஷா அல்லாஹ், வரும் வருடம் அதைப் பார்ப்போம்.

இன்றும் பெண்கள் படிவங்களோடு என்னிடம் வருகிறார்கள். பேனையை எடுக்க முன் நான் மகளைக் கூப்பிடுகிறேன்.